பின்னணிப் பணியைத் தொடங்கியவர் யார், முடித்துவைப்பவர் யார்? பைதான் அசிங்க்ஐஓ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைதானில் அசிங்க்ஐஓ (ஒரே த்ரெட்டில் பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் நூலகம்) வைத்து சர்வர் எழுதுபவர்கள், அதிலும் ஃபாஸ்ட்ஏபிஐ என்ற வலைச் சட்டகத்தைப் பயன்படுத்துபவர்கள், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. ரெக்வெஸ்ட்டுக்குப் பதில் அனுப்பிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் வேலையை எப்படித் தொடங்குவது, எப்படி நிறுத்துவது, சர்வர் மூடும்போது அதை என்ன செய்வது என்பதைத்தான் எல்லாக் கேள்விகளும் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து கேட்கின்றன. பைதான் 3.11-ஐயும் அதற்குப் பிந்தைய பதிப்புகளையும் மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பழைய பதிப்பில் வேறு மாதிரி நடக்கும் என்றால் அந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

பின்னணிப் பணி என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு மாணவர் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறார். "பணம் கிடைத்தது" என்ற பதிலை உடனே அனுப்பிவிடலாம். ரசீதை பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்ப இன்னும் நாலைந்து வினாடி ஆகும். அதற்காக அவரைத் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வைக்கத் தேவையில்லை. அந்த நாலைந்து வினாடி வேலைதான் பின்னணிப் பணி.

இதில் இரண்டு வகை உண்டு. ரசீது மாதிரி ஒருமுறை ஓடி முடிந்துபோவது ஒன்று. சர்வர் உயிரோடு இருக்கும்வரை ஓடிக்கொண்டே இருப்பது இன்னொன்று: 30 வினாடிக்கு ஒருமுறை கேஷைப் புதுப்பிப்பது, க்யூவிலிருந்து செய்திகளை எடுத்துக்கொண்டே இருப்பது. முதல் வகையை மூடும் நேரத்தில் முடியவிட வேண்டும். இரண்டாம் வகை தானாக முடியாது, அதை நாம்தான் நிறுத்த வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

கிரியேட்_டாஸ்க் போட்டுத் தொடங்கிய வேலை சில நேரம் பாதியில் காணாமல் போகிறது. இது பைதானின் பிழையா?

பிழை இல்லை, பைதானின் ஆவணத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள். கிரியேட்_டாஸ்க் தொடங்கும் வேலைக்கு டாஸ்க் என்று பெயர். டாஸ்க்குகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஈவென்ட் லூப், அவற்றை வீக் ரெஃபரன்ஸ் மூலமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அதாவது "இப்படி ஒன்று இருக்கிறது" என்று அதற்குத் தெரியும், ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருக்காது. கிரியேட்_டாஸ்க் திருப்பித் தரும் டாஸ்க்கை நீங்களும் எந்த மாறியிலும் வைக்காவிட்டால், அதைப் பிடித்திருக்க யாருமே இல்லாமல் போகலாம். குப்பை அள்ளும் கார்பேஜ் கலெக்டர் வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்கையும் சேர்த்து அள்ளிவிடும். அப்போது லாக்கில் "டாஸ்க் வாஸ் டெஸ்ட்ராய்டு பட் இட் இஸ் பெண்டிங்" என்று ஒரு வரி வரும்.

"எனக்கு அப்படி நடந்ததே இல்லையே" என்று பலர் சொல்வார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. நெட்வொர்க்கிலிருந்து பதில் வரக் காத்திருக்கும் டாஸ்க்கை, சாக்கெட்டைக் கண்காணிக்கும் அடுக்கு மறைமுகமாகப் பிடித்து வைத்திருக்கும். ஸ்லீப்பில் இருக்கும் டாஸ்க்கை லூப்பின் டைமர் பிடித்து வைத்திருக்கும். டாஸ்க்கும் அது காத்திருக்கும் ஃபியூச்சரும் (பின்னால் வரப்போகும் விடைக்கான இடம்) ஒன்றையொன்று மட்டுமே பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்து யாரும் இரண்டையும் தொடாத நிலை வந்தால்தான் ஆபத்து. அது அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே உங்கள் மடிக்கணினியில் ஒருநாளும் வராது, சுமை ஏறிய சர்வரில் ஒருநாள் வரும்.

தீர்வு மூன்று வரிதான். மாட்யூல் அளவில் ஒரு வெற்று செட் வையுங்கள். டாஸ்க்கை உருவாக்கியதும் அதில் சேருங்கள். டாஸ்க் முடிந்ததும் செட்டிலிருந்து தானாக நீங்கும்படி, செட்டின் டிஸ்கார்டு முறையை ஆட்_டன்_கால்பேக் வழியாகக் கொடுத்துவிடுங்கள்.

செட்டில் போட்டுவிட்டேன். அவ்வளவுதானே?

காணாமல் போகாது. ஆனால் உள்ளே ஏதாவது வெடித்தால் யாருக்குத் தெரியும்? அவெய்ட் செய்யாத (முடிவுக்காக யாரும் காத்திருக்காத) டாஸ்க்கில் எக்ஸெப்ஷன், அதாவது பிழை, வந்தால் அது டாஸ்க்குக்குள்ளேயே தங்கிவிடும். அந்த டாஸ்க் நினைவகத்திலிருந்து நீங்கும்போதுதான் "டாஸ்க் எக்ஸெப்ஷன் வாஸ் நெவர் ரெட்ரீவ்டு" என்று லாக் எழுதும். டாஸ்க்குகளை ஒரு லிஸ்டில் சேர்த்து, நீக்காமலே வைத்திருப்பவர்களுக்கு அந்த வரி சர்வர் மூடும்வரை வராது. சில நேரம் வரவே வராது.

அதனால் முடிந்ததும் கூப்பிடப்படும் அந்தக் கால்பேக்கை நீங்களே ஒரு சிறு ஃபங்ஷனாக எழுதுங்கள். அதில் வரிசை முக்கியம்: முதலில் அந்த டாஸ்க் ரத்தானதா என்று கேட்க வேண்டும், இல்லை என்றால் மட்டும் அதன் எக்ஸெப்ஷனைக் கேட்க வேண்டும். ரத்தான டாஸ்க்கிடம் எக்ஸெப்ஷனைக் கேட்டால், கேட்ட இடத்திலேயே கேன்சல்டு-எரர் கிளம்பும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நள்ளிரவில் கைகொடுப்பது: 3.8 முதல் கிரியேட்_டாஸ்க்கில் பெயர் கொடுக்கலாம். "டாஸ்க்-4817" என்று லாக்கில் பார்ப்பதற்கும் "ரசீது-மெயில்" என்று பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே பாருங்கள்.

டாஸ்க்குரூப் வந்துவிட்டதே, இந்த செட் வேலையெல்லாம் இன்னும் எதற்கு?

2022 அக்டோபரில் வந்த 3.11-ல் டாஸ்க்குரூப் சேர்ந்தது. டிரியோ என்ற நூலகத்தில் "நர்சரி" என்ற பெயரில் முன்பே இருந்த யோசனை அது. அசிங்க்-வித் பிளாக் ஒன்றைத் திறக்கிறீர்கள், அதற்குள் டாஸ்க்குகளைத் தொடங்குகிறீர்கள். எல்லா டாஸ்க்கும் முடியாமல் அந்த பிளாக்கை விட்டு நிரல் வெளியே வராது. ஒன்று தோற்றால் மற்றவற்றை ரத்து செய்து, அவையும் முடியும்வரை நின்று, வந்த பிழைகளையெல்லாம் ஒரு எக்ஸெப்ஷன் குரூப்பாகக் கட்டிக் கொடுக்கும். தொடங்கிய வேலைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நிரலின் உள்தள்ளலே பதில் சொல்லிவிடுகிறது. எனக்கு பைதானில் கடந்த சில ஆண்டுகளில் வந்தவற்றில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஒரே ரெக்வெஸ்ட்டுக்குள் மூன்று சேவைகளை ஒரே நேரத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் இதைப் பயன்படுத்துங்கள். ரசீது அனுப்பும் வேலைகளுக்கு அப்படியே பொருந்தாது. ஒரு மாணவரின் மெயில் முகவரி தப்பாக இருந்ததற்காக மற்ற எல்லா ரசீதும் ரத்தாகக் கூடாது அல்லவா? அங்கே ஒவ்வொரு டாஸ்க்கும் தன் பிழையைத் தானே பிடித்து லாக் செய்ய வேண்டும். ஓயாமல் ஓடும் வேலைகளை குரூப்பில் வைத்தால், பிளாக் முடியும் இடத்தில் அவற்றை நீங்களே ரத்து செய்யவும் வேண்டும். இல்லையென்றால் பிளாக் முடியவே முடியாது.

கேன்சல் அழைத்தேன். டாஸ்க் நிற்கவில்லை. ஏன்?

கேன்சல் என்பது ஒரு வேண்டுகோள். அதை அழைத்ததும் டாஸ்க் நின்றுவிடாது. அடுத்த முறை லூப் அந்த டாஸ்க்கை ஓட்டும்போது, அது காத்திருக்கும் அவெய்ட்டில் கேன்சல்டு-எரர் எறியப்படும். அதற்குப் பிறகு நிற்பதும் நிற்காததும் நீங்கள் எழுதிய நிரலைப் பொறுத்தது.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த எக்ஸெப்ஷனை யாராவது விழுங்குகிறார்களா என்பதை. ஒயில்-ட்ரூ சுற்றுக்குள் டிரை, அதற்குக் கீழே பெயர் எதுவும் போடாத எக்ஸெப்ட், அதில் லாக் எழுதிவிட்டு மறுபடி சுற்று. இந்த அமைப்பை நான் பார்த்த எண்ணிக்கைக்கு அளவில்லை. பெயரில்லாத எக்ஸெப்ட் கேன்சல்டு-எரரையும் பிடித்துவிடும், சுற்று தொடர்ந்து ஓடும். 3.7 வரை நிலைமை இன்னும் மோசம்: கேன்சல்டு-எரர் எக்ஸெப்ஷன் வகுப்பின் கீழ் இருந்ததால், ஒழுங்காக "எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்" என்று எழுதியவர்களும் மாட்டிக்கொண்டார்கள். 2019-ல் வந்த 3.8-ல் அதை பேஸ்-எக்ஸெப்ஷனுக்குக் கீழே மாற்றினார்கள். பழைய நூலகங்களில் அந்தக் காலத்து வழக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

அவெய்ட்டே இல்லாத கணக்கு வேலை என்றால், எக்ஸெப்ஷனை எறிய வழியே கிடையாது. அது மொத்த லூப்பையும் நிறுத்தி வைத்திருக்கும். டு_த்ரெட் மூலம் த்ரெட்டுக்கு அனுப்பிய வேலையை ரத்து செய்தால், காத்திருப்பது மட்டும் ரத்தாகும். த்ரெட் தன் பாட்டுக்கு ஓடி முடித்துத்தான் நிற்கும். அதற்குள் ஒரு த்ரெட்டிங்-ஈவென்ட் கொடியை வைத்து, அவ்வப்போது அதைப் பார்க்கச் சொல்வதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கேன்சல் அழைத்த பிறகு அவெய்ட் செய்ய வேண்டுமா?

கட்டாயம். அழைத்துவிட்டு அடுத்த வரியில் டேட்டாபேஸ் பூலை (திறந்து வைத்திருக்கும் கனெக்ஷன்களின் தொகுப்பை) மூடினால், எப்படி முடிந்தாலும் ஓட வேண்டிய டாஸ்க்கின் ஃபைனலி பகுதி இன்னும் ஓடியிருக்காது. அது ஓடும்போது கனெக்ஷன் இருக்காது.

நிறையப் பேர் டாஸ்க்கை அவெய்ட் செய்து, வரும் கேன்சல்டு-எரரைப் பிடித்துப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். இதில் ஒரு நுட்பமான ஆபத்து உண்டு. அந்த நேரத்தில் உங்களையே வேறு யாரோ ரத்து செய்தாலும் அதே எக்ஸெப்ஷன்தான் வரும், அதையும் சேர்த்து விழுங்கிவிடுவீர்கள். பல டாஸ்க்குகளுக்கு ஒன்றாகக் காத்திருக்கும் கேதர் ஃபங்ஷனில் ரிட்டர்ன்_எக்ஸெப்ஷன்ஸ் என்பதை உண்மை என்று வைத்து அவெய்ட் செய்யுங்கள். டாஸ்க்குகள் ரத்தானது முடிவுப் பட்டியலில் வந்து சேரும், உங்களை ரத்து செய்தது மட்டும் எக்ஸெப்ஷனாக வரும்.

சுத்தம் செய்யும் வேலையை எந்த வரிசையில் செய்வது?

திறந்ததற்கு நேர் எதிர் வரிசையில். பூலைத் திறந்தீர்கள், எச்டிடிபி கிளையன்ட்டைத் திறந்தீர்கள், பிறகு இரண்டையும் நம்பி டாஸ்க்குகளைத் தொடங்கினீர்கள். மூடும்போது முதலில் டாஸ்க்குகள், அப்புறம் கிளையன்ட், கடைசியாகப் பூல். இதைக் கையால் எழுதினால் ஆறு மாதத்தில் யாராவது நடுவே ஒரு வரியைச் சேர்த்து வரிசையைக் குலைத்துவிடுவார்கள். அசிங்க்-எக்ஸிட்ஸ்டாக் பயன்படுத்தினால் அதுவே எதிர் வரிசையில் மூடும். ஃபாஸ்ட்ஏபிஐயில் இவை அனைத்தும் சர்வரின் தொடக்கத்தையும் முடிவையும் கவனிக்கும் லைஃப்ஸ்பான் ஃபங்ஷனுக்குள் இருக்க வேண்டும்: நடுவில் நிற்கும் ஈல்டு வரிக்கு மேலே திறப்பது, கீழே மூடுவது. பழைய ஆன்_ஈவென்ட் முறையைக் கைவிடச் சொல்லி ஆவணத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

ஃபைனலிக்குள் அவெய்ட் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் அதற்கு ஒரு கால வரம்பு வையுங்கள். எதிர்முனை பதிலே சொல்லாத சர்வராக இருந்தால் "நன்றாக மூடுகிறேன்" என்று அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

டெப்ளாய் செய்யும்போதெல்லாம் (புதிய பதிப்பை ஏற்றும்போதெல்லாம்) சில வேலைகள் தொலைகின்றன. எங்கே பார்ப்பது?

இதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் கட்டண ரசீது அனுப்பும் சேவை ஒன்று இருந்தது. வாரத்துக்கு ஓரிரு முறை, ரசீது வரவில்லை என்று மாணவர்கள் போன் செய்வார்கள். பணம் கணக்கில் ஏறியிருக்கும், மெயில் மட்டும் போயிருக்காது. மெயில் சேவையைச் சந்தேகித்தோம், டெம்ப்ளேட்டைச் சந்தேகித்தோம். கடைசியில் டெப்ளாய் நேரங்களையும் லாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாலை 6:42:07-க்கு டெப்ளாய் தொடங்கியிருக்கிறது. 6:42:17-ல் லாக் அறுந்து நிற்கிறது. சரியாக 10 வினாடி. நாங்கள் ஃபைனலியில் எழுதி வைத்திருந்த "ரசீது வேலைகளை முடிக்கிறேன்" என்ற வரி ஒரு இடத்திலும் இல்லை.

அந்த 10 வினாடிதான் துப்பு. நிரலைக் கன்டெய்னர் என்ற தனிப்பெட்டியில் ஓட்டும் டாக்கரில், அந்தக் கன்டெய்னரை நிறுத்தச் சொன்னால் முதலில் நின்றுகொள்ளச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் போகும். இயல்பாக 10 வினாடி காத்திருந்துவிட்டு, அப்படியும் நிற்காவிட்டால் உடனே கொல்லும் சிக்கில் சிக்னலை அனுப்பும். சிக்கிலை எந்த நிரலும் பிடிக்க முடியாது. ஃபைனலி ஓடாது, எதுவும் ஓடாது. எங்கள் கன்டெய்னரைத் தொடங்கியது ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட். முதல் வரியில் டேட்டாபேஸ் மைக்ரேஷன், இரண்டாம் வரியில் யுவிகார்ன் (ஃபாஸ்ட்ஏபிஐ நிரலை ஓட்டும் சர்வர்). ஆகவே கன்டெய்னரில் 1-ம் எண் ப்ராசஸ் அந்த ஷெல்தான். சிக்டெர்ம் அதற்குத்தான் போனது. லினக்ஸில் 1-ம் எண் ப்ராசஸ் தானாக ஏற்பாடு செய்துகொள்ளாத சிக்னலை கெர்னல் அதற்குக் கொடுப்பதில்லை. ஷெல்லும் அசையவில்லை, யுவிகார்னுக்கும் செய்தி போகவில்லை. 10 வினாடி கழித்து எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிட்டார்கள்.

திருத்தம் ஒரு சொல்: இரண்டாம் வரியின் முன்னால் "எக்ஸெக்". அது இருந்தால் ஷெல்லின் இடத்தில் யுவிகார்னே 1-ம் எண்ணாக அமரும். அதற்காக அத்தனை மாணவர்கள் போனில் காத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சிக்டெர்ம் சரியாக வருகிறது. மொத்தம் எவ்வளவு நேரம் கிடைக்கும்?

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸில் இயல்பாக 30 வினாடி, லினக்ஸ் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி-யில் வழக்கமாக 90 வினாடி. குபெர்நெட்டிஸில் ப்ரீஸ்டாப் ஹூக் (சிக்டெர்முக்கு முன் ஓடும் கட்டளை) வைத்திருந்தால் அதற்கு ஆகும் நேரமும் அதே 30-க்குள்தான். பாட் (கன்டெய்னரை ஓட்டும் அலகு) ஒன்றை சர்வீஸ் பட்டியலிலிருந்து எடுப்பதும் சிக்னல் அனுப்புவதும் ஒரே நேரத்தில் நடப்பதால், சிக்னல் வந்த பிறகும் சில ரெக்வெஸ்ட்டுகள் வந்துகொண்டிருக்கும். அதற்காகத்தான் ப்ரீஸ்டாப்பில் சில வினாடி உறங்கவிடும் வழக்கம்.

நான் பிரிப்பது இப்படி: ப்ரீஸ்டாப்புக்கு 5, திறந்திருக்கும் ரெக்வெஸ்ட்டுகளுக்கு 10, பின்னணி வேலைகளுக்கு 10, பூல்களை மூட மீதி 5. உங்கள் வேலை 40 வினாடி எடுக்கும் என்றால் 30-ஐ உயர்த்துங்கள், இல்லையென்றால் அந்த வேலையை சர்வருக்கு வெளியே கொண்டுபோங்கள்.

யுவிகார்னில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். மூடும்போது திறந்திருக்கும் இணைப்புகளுக்காக அது காத்திருக்கும். அதற்கு இயல்பான வரம்பு கிடையாது. நீண்ட ஸ்ட்ரீமிங் பதில் ஒன்று திறந்தே இருந்தால், லைஃப்ஸ்பானின் மூடும் பகுதிக்கு முறையே வராமல் 30 வினாடி தீர்ந்து சிக்கில் வந்துவிடும். டைம்அவுட்-கிரேஸ்ஃபுல்-ஷட்டவுன் என்ற தேர்வில் 10 என்று கொடுத்துவிடுங்கள்.

ஃபாஸ்ட்ஏபிஐயின் பேக்கிரவுண்ட்-டாஸ்க்ஸ் போதாதா?

சின்ன வேலைக்குப் போதும். அடியில் உள்ள ஸ்டார்லெட், பதிலை அனுப்பி முடித்ததும் அதே ரெக்வெஸ்ட்டின் தொடர்ச்சியாக இவற்றை ஓட்டுகிறது. இதில் ஒரு நன்மை இருக்கிறது: ரெக்வெஸ்ட்டின் பகுதி என்பதால் மூடும்போது யுவிகார்ன் இவற்றுக்காகக் காத்திருக்கும். நீங்கள் கிரியேட்_டாஸ்க் போட்டுத் தொடங்கியதைப் பற்றி அதற்குத் தெரியாது.

இரண்டு குறைகள். வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். முதலாவதில் எக்ஸெப்ஷன் வந்தால் அடுத்தவை ஓடவே ஓடாது. ரசீது மெயிலையும் ஆடிட் பதிவையும் இந்த வரிசையில் சேர்த்திருந்தால், மெயில் தோற்ற நாளில் ஆடிட் பதிவும் இருக்காது.

வேலை தொலையவே கூடாது என்றால்?

அப்போது அது நினைவகத்தில் இருக்கக் கூடாது. மின்சாரம் போனால், மெமரி தீர்ந்து கெர்னல் ப்ராசஸைக் கொன்றால், மேலே சொன்ன எந்த ஒழுங்கும் உதவாது. பணம் பதிவாகும் அதே டிரான்ஸாக்ஷனில் "ரசீது அனுப்ப வேண்டும்" என்று ஒரு அட்டவணையில் வரி எழுதுங்கள். தனியாக ஓடும் ஒரு வொர்க்கர் அதைப் படித்து அனுப்பிவிட்டு, முடிந்தது என்று குறிக்கட்டும். எங்கள் ரசீது சேவையைக் கடைசியில் இப்படித்தான் மாற்றினோம்.

செலரி என்ற வேலை-க்யூ நூலகத்தைப் பயன்படுத்தினால், அது இயல்பாக வேலையைத் தொடங்குவதற்கு முன்பே "பெற்றுக்கொண்டேன்" என்று க்யூவிடம் சொல்லிவிடும் என்பதை மறக்காதீர்கள். வொர்க்கர் நடுவில் செத்தால் அந்த வேலை போனதுதான். ஏக்ஸ்_லேட் அமைப்பைப் போட்டால் முடித்த பிறகு சொல்லும். அப்போது ஒரே வேலை இரண்டு முறை ஓடவும் வாய்ப்பு உண்டு. எனவே ரசீது எண்ணை வைத்து, ஏற்கெனவே அனுப்பியாயிற்றா என்று பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும்.

ஷீல்டு போட்டால் ரத்தாகாமல் காப்பாற்றுமா?

வெளியே காத்திருப்பவர் ரத்தானால் உள்ளே ஓடுவது தொடரும், அவ்வளவுதான். அசிங்க்ஐஓ-ரன் முடியும்போது மிச்சமிருக்கும் எல்லா டாஸ்க்குகளையும் ரத்து செய்யும். அதில் ஷீல்டுக்கு உள்ளே இருப்பதும் அடக்கம். உள்ளே இருக்கும் டாஸ்க்கை நீங்கள் தனியாகப் பிடித்து வைத்திருக்கவும் வேண்டும்.

கசியும் டாஸ்க்குகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

டெஸ்ட்டின் தொடக்கத்தில் ஆல்_டாஸ்க்ஸ் எத்தனை என்று எடுத்து வையுங்கள், முடிவில் மறுபடி எடுங்கள். புதிதாக ஏதாவது மிஞ்சியிருந்தால் டெஸ்ட் தோற்க வேண்டும். இதை ஒரு ஃபிக்ஸ்சராக எழுதிவிட்டால் ஒரே நாளில் பல ஓட்டைகள் தெரியவரும். டீபக் முறையைப் போட்டால் 100 மில்லிவினாடிக்கு மேல் லூப்பைப் பிடித்து வைக்கும் இடங்களையும் லாக்கில் சொல்லும். 3.14-ல் இன்னொரு வசதி வந்திருக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் எண்ணைக் கொடுத்து, அதற்குள் எந்த டாஸ்க் எதற்காகக் காத்திருக்கிறது என்று வெளியிலிருந்தே மரம்போலப் பார்க்கலாம். சர்வரை நிறுத்தாமல் இதைச் செய்ய முடிவது பெரிய உதவி.

மற்ற மொழிகளில் இந்தத் தொல்லை இல்லையா?

எல்லாவற்றிலும் உண்டு, கையாளும் விதம் வேறு. காட்லினில் ஒவ்வொரு கோரூட்டினும் ஒரு ஸ்கோப்புக்குள் பிறக்க வேண்டும். யாருக்கும் சொந்தமில்லாத குளோபல்ஸ்கோப்பைத் தொட்டால் கம்பைலரே எச்சரிக்கும். டாட்நெட்டில், பேக்கிரவுண்ட்சர்வீஸுக்குள் பிடிக்காத எக்ஸெப்ஷன் வந்தால் முன்பு அந்தச் சேவை மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும். டாட்நெட் 6 முதல் இயல்பாக மொத்த ஹோஸ்ட்டும் நிற்கிறது. அந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன், நின்றது உடனே தெரிகிறதே. கோ மொழியில் கான்டெக்ஸ்டைக் கையோடு கொடுத்தனுப்பி, வெயிட்குரூப்பில் எண்ணிக்கொண்டு, நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே எழுதிய பெரிய நிரலில் எங்கிருந்து தொடங்குவது?

கிரியேட்_டாஸ்க், என்ஷ்யூர்_ஃபியூச்சர் இரண்டையும் தேடி, வரும் ஒவ்வொரு இடத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில்: இதை யார் பிடித்திருக்கிறார்கள், இதன் பிழை எங்கே போகிறது, மூடும்போது இதற்காக யார் காத்திருக்கிறார்கள். பணம், ரசீது, மருந்துச்சீட்டு மாதிரி இன்னொருவர் காத்திருக்கும் விஷயத்தைத் தொடும் இடங்களை முதலில் எடுங்கள். பிறகு உங்கள் கணினியிலேயே கன்டெய்னரை ஓட்டி, ஒரு வேலை நடுவில் இருக்கும்போது நிறுத்தச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள். 10 வினாடி முழுதாக எடுத்துக்கொண்டு நின்றால், சிக்னல் போய்ச் சேரவில்லையா, வேலை நேரத்துக்குள் முடியவில்லையா என்று அங்கிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.